பரணில் இருப்பதெல்லாம் குப்பையா?

ஜனவரி முதல் தேதி பிறந்ததும் மனிதர்கள் செய்துகொள்ளும் சங்கல்பங்களில் மூன்று நிரந்தரமானவை. தினமும் நாட்குறிப்பு எழுதுவது ஒன்று. விடியற்காலையில் எழுந்து நடப்பது இரண்டு. வீட்டில் சேர்ந்துவிட்ட வேண்டாத சாமான்களைக் கழித்துக் கட்டுவது மூன்று. முதல் இரண்டும் தோற்றுப் போனால் வெளியே யாருக்கும் தெரியாது. மூன்றாவது தோற்றால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் உட்கார நாற்காலி இருக்காது!

கேரள எல்லையில் வாழும் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சலுகை உண்டு. நமக்கு ஒரே வருஷத்தில் மூன்று புத்தாண்டுகள் வருகின்றன. ஆங்கிலப் புத்தாண்டு கழிந்தால் சித்திரை முதல் நாளும் அதை ஒட்டி விஷுக் கணியும். அதுவும் போனால் ஆகஸ்டு நடுவில் கொல்லம் ஆண்டின் சிங்கம் ஒன்று. ஒரு சங்கல்பம் முறிந்தால் அடுத்த புத்தாண்டில் புதுப்பித்துக் கொள்ளலாம். ஆனால் வீட்டைக் கழிக்கும் சங்கல்பத்துக்கு மட்டும் வாய்தா கிடையாது. ஜனவரி பிறந்து இரண்டு வாரத்துக்குள் மார்கழிக் கடைசி நாளாகப் போகி வந்து வாசலில் நின்றுவிடுகிறது. பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட 6 மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. போகிக்கு விடுமுறை இல்லாவிட்டாலும் வேலை மட்டும் நிறைய இருக்கிறது.

வேலையைத் தொடங்கும்போது எல்லாருக்கும் உற்சாகம்தான். ஏணி வருகிறது, பரண் காலியாகிறது, கூடம் நிறைகிறது. அதற்குப் பிறகு நடப்பது என்ன? கல்பாத்தி அக்ரஹாரத்து வீடானால், "ஏன்னா, இந்த ஓட்டை அடுக்கை எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேள்வி எழும். "அது எங்கம்மா சீராக் கொண்டு வந்ததுடீ, இருக்கட்டும்" என்று பதில் வரும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டத்து வீடானால், "ஏனுங்க, இந்தத் துருப்பிடிச்ச சால எடைக்குப் போட்டுரலாமுங்களா?" என்பாள் மனைவி. "கெடக்கட்டும் புள்ள, எங்கய்யன் எருது கட்டி எறச்ச சாலு" என்பார் அவர். தேவிகுளத்து லயத்தில் அதே பேச்சு ஒரு கிழிந்த கம்பளியைப் பற்றி நடக்கும். மாலையில் பரண் மறுபடியும் நிறைந்துவிடும். போகித் தீயில் போனது ஒரு பழைய பாயும் இரண்டு விளக்குமாறும்தான்.

இதைச் சோம்பல் என்றோ ஆசை என்றோ சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் காரணம் வேறு. அதைத் தெரிந்து கொண்டால்தான் வேலை நடக்கும்.

கைக்கு வந்தால் விலை ஏறும்

வீட்டைக் கழிக்க முடியாமல் திண்டாடுவது உலகத்துக்கே பொதுவான வியாதி. ஜப்பானில் வருஷக் கடைசியில் வீடு முழுவதும் ஒட்டடை அடித்துத் துடைப்பது பழைய வழக்கம். ஈரானியர் நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன் செய்யும் துப்புரவுக்கு, "வீட்டை உலுக்குதல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் போகியும் இவற்றுக்கு ஒன்றுவிட்ட தங்கைதான்.

1990இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குக் காப்பி குடிக்கும் குவளையை இனாமாகக் கொடுத்தார்கள். பிறகு, "இதை என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்று அவர்களையும், "என்ன விலைக்கு வாங்குவீர்கள்?" என்று குவளை கிடைக்காதவர்களையும் கேட்டார்கள். சற்று முன் இனாமாகக் கிடைத்த குவளைக்கு உடையவர்கள் சொன்ன விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! கைக்கு வந்து சில நிமிஷம் ஆன குவளைக்கே இந்தக் கதி என்றால், அறுபது வருஷம் பரணில் இருந்த அண்டாவை என்னவென்று சொல்வது? இந்த ஆராய்ச்சியாளர்களில் கானமனுக்கு 2002இலும் தேலருக்கு 2017இலும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டைக் கழிப்பதையே ஒரு கலையாக்கி உலகப் புகழ் பெற்றவர் மாரி கொண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணி. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்; மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள், இல்லையேல் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் உபதேசம். அவருடைய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து பல நாடுகளில் விற்றது. அதே அம்மையார் 2023 ஜனவரியில், மூன்று குழந்தைகள் ஆன பிறகு வீட்டை அவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நம் வீட்டுப் பெண்மணிகள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

ஆனால் அவருடைய முறையை நம் எல்லைப் புறத்து வீட்டுக்குள் அப்படியே கொண்டு வந்தால் ஆபத்து உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் எந்த மகிழ்ச்சியும் தராத, பழுப்பேறி, பூச்சி அரித்த, வாசிக்கவே முடியாத ஒரு காகிதம்தான் இங்கே பல வீடுகளில் மிகப் பெரிய சொத்து.

பத்தாயமும் தகரப் பெட்டியும்

நம் பகுதியில் பொருள் சேர்ந்த கதையை முதலில் பார்ப்போம். பாலக்காட்டு அக்ரஹாரங்களில் ரேழியைத் தாண்டினால் ஒரு பெரிய மரப் பத்தாயம் நிற்கும். பாட்டநெல் வந்து அதில் இறங்கும். 1970 ஜனவரி முதல் தேதி கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் முழு அளவில் நடைமுறைக்கு வந்து குத்தகை முறை ஒழிந்தது. அந்தப் புத்தாண்டோடு பல வீடுகளில் பாட்டநெல் வருவது நின்றது. நெல் வராத பத்தாயத்தில் சாமான் ஏறியது. பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போகப் போக, அவர்கள் விட்டுச் சென்ற பாடப் புத்தகங்களும் தொட்டிலும், கல்யாணத்துக்கு வாங்கிய உருளிகளும், கல்சட்டியும் அங்கே அடைக்கலமாயின. இன்று அந்த வீடுகளில் வயதான ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். ஏணி ஏற ஆள் இல்லை.

அதே 1970 ஜனவரி முதல் தேதிதான் மறுபக்கத்தில் உழுதவனுக்கு நிலம் கொடுத்தது. சித்தூர்த் தாலுகாவிலும் மற்ற இடங்களிலும் குத்தகைக்காரராக இருந்தவர்கள் நிலத் தீர்ப்பாயத்தில் கிரயச் சான்றிதழ் பெற்றார்கள். தோட்டத்து வீட்டில் சால், கமலைக் கயிறு, வண்டிச் சக்கரம், காலிச் சாக்கு இவற்றோடு அந்தச் சான்றிதழும் ஒரு தகர டப்பாவில் ஏதோ மூலையில் இருக்கிறது.

இடுக்கி மலையில் கதை வேறு. லயத்து வீட்டில் பரணுக்கே இடம் குறைவு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் ஒரு திண்ணை. அதற்குள் மூன்று தலைமுறை. அங்கே எதையும் சும்மா சேர்த்து வைக்க முடியாது. ஆனாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மலையேறி வந்த தாத்தா கொண்டு வந்த பெட்டி. கல்யாணப் புடவை, பிள்ளைகளின் மார்க் சீட்டு, செத்துப் போனவரின் போட்டோ, ஒரு கட்டுப் பழைய சம்பளச் சீட்டு — இவ்வளவுதான் உள்ளே.

லயத்துக்காரர்களுக்குப் போகியைக் காட்டிலும் பெரிய கழிப்பு ஒன்று வாழ்க்கையில் ஒரு முறை வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது, குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை பார்க்காவிட்டால், வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். நாற்பது வருஷ வாழ்க்கை ஒரு வண்டியில் ஏறி, குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ கீழே இறங்க வேண்டும். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் கட்டில் ஏறிவிடும். காகிதக் கட்டு அடுப்புக்குப் போய்விடும்.

எல்லை நகர்ந்தது, காகிதம் நின்றது

1956 நவம்பர் முதல் தேதிக்கு முன் பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்குப் போயின; தேவிகுளமும் பீருமேடும் போராட்டத்துக்குப் பின்னும் கேரளத்திலேயே தங்கின. இடுக்கி என்ற மாவட்டமே 1972 ஜனவரி 26இல்தான் பிறந்தது. வீட்டை விட்டு நகராத ஒரு குடும்பத்தின் பெட்டியில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முத்திரைகள் இருப்பது இதனால்தான். ஒரு பத்திரத்தில் சென்னை அரசு, இன்னொன்றில் திருவிதாங்கூர்ச் சங்கு, மூன்றாவதில் கேரளம்.

இந்தக் காகிதங்களுக்கு இன்று என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

முதலாவது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10இல் வெளியானது. ஒரு மாநிலத்தில் கிடைக்கும் பட்டியல் சாதி அந்தஸ்து, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவரோடு கூடவே போகாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே இடுக்கித் தோட்டத்திலே பிறந்து, இங்கேயே படித்த ஒரு பிள்ளை கேரளத்தில் சலுகை பெற வேண்டுமானால், அதன் மூதாதையர் 1950க்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருக்கிறது. பாட்டனாரின் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவோ, தோட்டத்தில் பேர் பதிந்த சீட்டோ, பழைய நிலவரி ரசீதோ இருந்தால் விண்ணப்பத்துக்குக் கால் முளைக்கும். இல்லாவிட்டால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தின் விலை ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு.

இரண்டாவது, உழைத்த காசு. ஐந்து வருஷத்துக்கு மேல் நிரந்தரமாக வேலை பார்த்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. வருங்கால வைப்பு நிதியும் உண்டு. பெயரிலோ பிறந்த தேதியிலோ ஓர் எழுத்து மாறினால் பணம் நின்றுவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேடு வட்டாரத்தில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. நிர்வாக ஆபீஸே பூட்டிக் கிடக்கும்போது, தொழிலாளியின் கையில் இருக்கும் சம்பளச் சீட்டுதானே சாட்சி?

மூன்றாவது, நிலம். 2022 நவம்பர் முதல் தேதி கேரளத்தில் டிஜிட்டல் மறு அளவை தொடங்கியது. அளக்க வருகிறவர்களிடம் பத்திரத்தையும் வரி ரசீதையும் காட்ட வேண்டும். அப்போதுதான், "அந்த மஞ்சள் கவர் எங்கே?" என்ற தேடல் வீடுகளில் ஆரம்பமாகிறது.

நான்காவது, ஓட்டு. 2025 நவம்பர் 4 முதல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002ஆம் ஆண்டுக் கேரளப் பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எந்த இடத்தில் இருக்கிறது என்று மக்கள் தேட வேண்டியதாயிற்று. பழைய வாக்காளர் அடையாள அட்டையைத் தூக்கிப் போடாதவர்கள் அன்று நிம்மதியாக இருந்தார்கள்.

காகிதம் போனால் அதைத் திரும்பப் பெறும் கஷ்டத்தை இந்த மலை மாவட்டம் நன்றாக அறியும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு தனி அதாலத்துகள் நடத்த வேண்டி வந்தது. 2020 ஆகஸ்டு 6 இரவில் ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தப்பிப் பிழைத்தவர்கள் தாம் யார் என்பதைக் காட்டும் காகிதமும் இல்லாமல் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. முக்கியமான காகிதத்தின் நகல் ஒன்று வேறொரு ஊரில் உறவினர் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் காகிதம், பிறகு பாத்திரம்

ஆகவே இந்த ஊர்களில் வீட்டைக் கழிக்கப் புறப்படுகிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாரும் முதலில் பாத்திரத்தையும் துணியையும் கழித்துவிட்டுக் காகிதத்தைக் கடைசியில், களைத்துப் போன பிறகு, மொத்தமாக வாரிக் கொட்டுகிறார்கள். நாம் காகிதத்தில் தொடங்க வேண்டும். அது ஒன்று பத்திரமாகிவிட்டால் மற்றதைக் கழிக்க மனம் தானே துணியும். "ஏதாவது முக்கியமானது போய்விடுமோ" என்ற பயம்தானே கையைப் பிடித்து இழுக்கிறது?

போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டில் மூத்தவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் பாக்கியம். இளையவர் ஒவ்வொரு காகிதமாக எடுத்து வாசிக்க, இது யாருடையது, எதற்காக வந்தது என்று மூத்தவர் சொல்லட்டும். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு அந்தக் காகிதம் இருந்தும் பயன் இல்லை; அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் இருக்காது.

பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். சிங்கம் முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடியும் வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். மூணாறு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தைப் பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்கள். அது கொல்லம் 1099 கர்க்கடகம். 825 கூட்டினால் 1924.

பெயரின் விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. தமிழில் ஒரு விதமாகவும், மலையாளத்தில் ஒரு விதமாகவும், ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாகவும் ஒரே ஆளின் பெயர் எழுதப்பட்டிருக்கும். தப்பான பெயருள்ள காகிதம் என்று அதைக் கிழித்துவிட வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம அலுவலகத்தில் சான்று கேட்கும்போது அதுதான் ஆதாரம்.

பிரித்து எடுத்ததைப் பாதுகாப்பதும் பெரிய காரியம் இல்லை. குண்டூசியையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட வேண்டும். மலைக் காற்றின் ஈரத்தில் ஊசி துருவேறிக் காகிதத்தைத் தின்னும். பழைய பத்திரத்தை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் மை கெடும். பிறகு பிரிக்கவும் முடியாது. தனித்தனி உறையில் போட்டு, மேலே விவரம் எழுதி, வசம்புத் துண்டோடு ஒரு பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். 2015இல் வந்த டிஜிலாக்கர் என்ற அரசாங்க ஏற்பாட்டில் ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்ற பலவற்றை நேரடியாகப் பெறலாம். அது அசலுக்குச் சமம். ஆனால் நாமே படம் பிடித்து ஏற்றிய தாத்தா காலத்துப் பத்திரம் அசலாகிவிடாது. படம் இருக்கிறதே என்று அசலைக் கழிக்கக் கூடாது.

மின்சார ரசீது, கேஸ் ரசீது, பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகைக் குவியல் இவற்றைத் தாராளமாகக் கழிக்கலாம். அதிலும் பழைய நாடக நோட்டீஸ், நின்று போன தமிழ்ப் பத்திரிகை, சங்கங்களின் ஆண்டு மலர் ஆகியவை கிடைத்தால் சற்று நிதானியுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவர் இப்படிப்பட்டவற்றை வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமாகி, உலகத்து அறிஞர்கள் தேடி வரும் இடமாயிற்று. ஓலைச் சுவடி இருந்தால் கேட்கவே வேண்டாம். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக் கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகப் போனபோது, சில இடங்களில் சாஸ்திரம் என்று சொல்லிப் பழைய ஏடுகளை நெருப்பிலும் ஆற்றிலும் இட்டுவிட்டதைக் கேட்டு மனம் நொந்ததைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். எந்தப் போகியிலும் தீயில் ஒன்றைப் போடும் முன் ஒரு நிமிஷம் நிதானிக்க இது போதாதா?

எரிக்க வேண்டாம்

அந்தக் காலப் போகித் தீயில் எரிந்தவை கோரைப் பாய், ஓலை விசிறி, தேங்காய் நார்க் கயிறு, பருத்திக் கந்தல். எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. இன்று கழிவது பிளாஸ்டிக் குடம், ரெக்ஸின் பை, நைலான் புடவை, சைக்கிள் டயர். இவற்றின் புகை நஞ்சு. நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்த மாதத்தில் தீ வைப்பது கூடுதல் ஆபத்து. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். தை பிறக்கும் சமயத்தில் அதன் வழியே கிழக்குக் காற்று சுழன்று வீசும். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அக்ரஹாரத்து வீடுகளில் ஒரு பொறி போதும். மூணாறில் ஜனவரி விடியற்காலைக் குளிர் சில இடங்களில் பூஜ்யத்தைத் தொடும்; குளிர்ந்த பள்ளத்தாக்கில் புகை மேலே போகாமல் லயங்களுக்குள்ளேயே படியும். கைக்குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் படும் பாடு சொல்லி முடியாது.

கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து மக்காத குப்பையை மாதக் கட்டணத்துக்கு எடுத்துப் போகிறார்கள். பல பஞ்சாயத்துகளில் பழந்துணி, செருப்பு, கண்ணாடி, மின் சாமான் இவற்றுக்கு எந்த மாதம் என்று அட்டவணையே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். பிளாஸ்டிக்கை எரித்தால் அபராதம் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். சாங்கியத்துக்கு ஒரு பழைய பாயும் விளக்குமாறும் எரிந்தால் போதும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் வேப்பிலையும் பூளைப் பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கூரை எறவாணத்தில் காப்புக் கட்டுகிறார்கள். புகை இல்லாமலே போகி கொண்டாடலாம் என்பதற்கு அந்த வழக்கம் ஒன்றே சாட்சி.

கொடுத்தால் கழிந்தது தெரியாது

காகிதமும் குப்பையும் போன பின் மிஞ்சுவது, மனம் ஒட்டிக்கொண்ட பொருள்கள். அம்மாவின் அடுக்கு, அய்யனின் சால், தாத்தாவின் கம்பளி. இவற்றுக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஒருவர் நினைவாக ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் வீடும் தாங்கும், மனமும் தாங்கும். பத்து உருளியில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உபயோகிக்கக் கூடியவர்களுக்குக் கொடுக்கலாம். ஊர்க் கோயிலிலும் சர்ச்சிலும் அன்னதானத்துக்குப் பெரிய பாத்திரம் எப்போதும் தேவை. பாத்திரம் பரணில் கிடந்து பச்சைக் களிம்பு ஏறுவதைவிட, நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கும்போது அம்மாவின் பெயர் வெட்டிய அடுக்கு வெளியே தெரிவது எவ்வளவு மேல்! இறந்து போனவரின் துணியை வருஷம் திரும்பு முன் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. நாளாக ஆக அது துணியாக இராது, பாரமாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளியூரிலிருந்து பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் தங்கும்போது, அவசரம் அவசரமாகப் பெற்றவர்களின் பரணைக் காலி செய்து, "உங்களுக்கு எதற்கு இவ்வளவு சாமான்?" என்று கேட்க வேண்டாம். வேண்டுமானால் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். ஓய்வு பெறப் போகும் தோட்டத் தொழிலாளர்களும் காலி செய்யும் தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வருஷம் முன்னதாகவே பெட்டியைத் திறந்து, பெயரையும் தேதியையும் சரிபார்த்து வைப்பது நல்லது.

வீடு முழுவதையும் ஒரே ஜனவரியில் கழித்துவிட யாராலும் முடியாது. முடியாததற்கு வெட்கப்படவும் வேண்டாம். இந்த வருஷம் தகரப் பெட்டி ஒன்று ஒழுங்கானால் போதும். அடுத்த வருஷம் பத்தாயத்தைப் பார்த்துக் கொள்ளலாம். அதற்குள் சித்திரையும் சிங்கமும் ஒரு முறை வந்து போகும்!